கட்டவிழ்க்க ஆங்கிலம் எதுக்கு?

ஸ்பானிஷ் படிக்கிற நம்மாட்கள் பலருக்கும் ஒரு வியாதி. எதையும் ஆங்கிலத்தில் மாத்தித்தான் விழுங்குவாங்க.

'தெஸதார்'னு ஒரு வினைச்சொல். ஷூ கயிறை அவிழ்த்தாலும் தெஸதார், போரைக் கிளப்பிவிட்டாலும் தெஸதார். ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் தனித்தனிச் சொல். உடனே 'குழப்பமான மொழிப்பா'ன்னு புலம்பல்!

என்னய்யா குழப்பம்? 'அதார்' என்றால் கட்டுதல். முன்னாடி 'தெஸ்' சேர்த்தால் கட்டவிழ்த்தல். நம்ம பேப்பர்காரங்க வன்முறையைக் 'கட்டவிழ்த்து விடுறாங்களே', அதேதான்!

உச்சரிப்பும் அப்படியே. அந்தத் 'த' நம்ம 'த'. ஆங்கிலம் சுத்தி வர்றவர்தான் 'டெஸடார்' என்று கடிக்கிறார்.

எல்லா இடத்திலும் ஒட்டாதுதான். புயல் 'சே தெஸதோ' என்றால் நமக்கு 'வெடித்துக் கிளம்பியது'. அதுக்காக, பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுத்தணுமா?

முதல்ல அந்த ஆங்கில முடிச்சை அவிழுங்க சாமிகளா!