"முழுகாம இருக்கா": ஒரு சொல்லுக்குள் இருக்கும் தீட்டு

கொஞ்ச நாளைக்கு முன், ஒரு குடியிருப்பில் கர்ப்பிணிப் பெண்களைக் கணக்கெடுக்கப் போயிருந்தோம். உடன் வந்தவர் ஒரு கல்லூரி மாணவி. ஒரு வீட்டில், கல்யாணமாகி ஒரு வருடமான பெண் தயங்கித் தயங்கி, "ரெண்டு மாசமா முழுகலக்கா" என்றார். மாணவி உடனே, "அப்படிச் சொல்லாதீங்க, அது பிற்போக்கான வார்த்தை. கர்ப்பமா இருக்கேன்னு சொல்லுங்க" என்று திருத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் மாமியார்தான் பதில் சொன்னார்.

மாணவி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி நியாயம்தான்.

முழுகுவது என்றால் தலைக்குக் குளிப்பது. மாதவிலக்கு நாட்கள் முடிந்ததும் தலை முழுகினால்தான் அடுப்பங்கரைக்குள் நுழையலாம். இந்த மாதம் விலக்கு வரவில்லை, அதனால் முழுகவில்லை. இதுதான் "முழுகாம இருக்கா". சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகுகிறோம். ஒருவரின் உறவே வேண்டாம் என்றால் "தலைமுழுகிட்டேன்" என்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை: தீட்டு ஒட்டும், தண்ணீரில் போகும். ஒரு உயிர் உருவாவதைச் சொல்லும் வார்த்தைகூட, தீட்டு வரவில்லை என்ற கணக்கிலிருந்துதான் பிறந்திருக்கிறது.

அந்தத் தீட்டுத் துணியைத் துவைத்தது யார்? ஊருக்கு வண்ணார், சேரிக்குப் புதிரை வண்ணார். விலக்குத் துணியும் பிரசவத் துணியும் அவர்கள் கையில்தான் விழுந்தன. முழுகியவர் சுத்தமானார், துவைத்தவர் தீண்டத்தகாதவரானார். புதிரை வண்ணாரிடம் துணி போட்டது தலித்துகளான நாமும்தான் என்பதை மறக்கக் கூடாது தோழர்களே.

2018 சபரிமலை வழக்கில் நீதிபதி சந்திரசூட் தனியாக எழுதிய தீர்ப்பைப் படியுங்கள். மாதவிலக்கைக் காட்டிப் பெண்களை விலக்குவதும் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்த தீண்டாமையில் அடங்கும் என்றார். டீக்கடையில் தனி டம்ளர் என்றால் கொதித்துப் போகிறோம். நம் வீட்டில் அக்காவுக்கு மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய் என்றால் "அது பழக்கம்" என்கிறோம்.

அப்படியென்றால் அந்தச் சொல்லை ஒழித்துவிடலாமா? வேண்டாம் என்பேன். ஆண்கள் முன்னால் உடம்பைப் பற்றிப் பேச முடியாத பெண்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் வார்த்தை அது. அதைச் சொல்லும்போது அவர் நம்மை நம்புகிறார். படித்தவர் வந்து திருத்தினால் அந்த நம்பிக்கை போய்விடும். "கர்ப்பிணி" என்று சொல்லிவிட்டால் வாசலில் கிடக்கும் பாய் உள்ளே வந்துவிடாது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. பிரசவத் தேதியை, கடைசி விலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் நம் பெண்கள் பலர் நினைவில் வைத்திருப்பது முழுகிய நாளை. கேட்கத் தெரியாமல் கேட்டால் அந்தத் தேதியே அட்டையில் ஏறிவிடும்.

அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போனோம். இந்த முறை மாணவியே கேட்டார்: "கடைசியா எப்போக்கா முழுகினீங்க?"

"அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"உங்க வீட்ல எத்தனாவது நாள் முழுகுவீங்க?"

"அஞ்சாம் நாள்."

நான்கு நாள் பின்னால் எண்ணித் தேதியைக் குறித்தோம். அந்தப் பெண் அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார். கிறுகிறுப்பு வருவதையும், இன்னும் களையெடுக்கப் போய்க்கொண்டிருப்பதையும் அப்போதுதான் சொன்னார்.

தோழர்களே, களத்தில் யாருடைய வார்த்தையையும் திருத்தாதீர்கள். திருத்த வேண்டியது தீட்டை. அதை உங்கள் வீட்டுத் தனித் தட்டிலிருந்து, இந்த மாதமே தொடங்குங்கள்.

ஜெய்பீம்.