பழைய கணினிக்குப் புதுச் சம்பந்தம்

நம் மேசைக் கணினிக்கு வயது பன்னிரண்டு. விண்டோஸ் 10 பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 ஏற்ற முனைந்தோம். அது கேட்பது 4 ஜிகாபைட் நினைவகம்; நம்மிடமோ 8 உண்டு. ஆயினும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லை, செயலியும் பழையது என்று பதில் வந்தது. குணவானான மாப்பிள்ளையைச் சாதகம் பொருந்தவில்லையென்று தள்ளிய கதைதான்!

எனவே, விலையில்லாத லினக்ஸ் மின்ற்றை நாடினோம். வட்டை முழுதுந் துடைத்துவிட்டு ஏற்றுவதாக எண்ணம். ஆனால், தந்தையாரின் இறுதிக்காலப் படங்கள் அதிலேதான் இருந்தன. அவற்றை வேறொரு வட்டிற் படியெடுத்து, ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்த பின்னரே துணிந்தோம். இல்லத்தரசியார் இருமுறை எண்ணிச் சரிபார்த்தார்.

கணினி இப்பொழுது விரைவாய் விழிக்கின்றது. அச்சுப்பொறிதான் இன்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை.