செட்பேக் என்ற சந்து

சென்னையில் அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி, கைக்கு வந்ததும் நாம் எஞ்சினியரிடம் கேட்கும் முதல் கேள்வி கார் நிற்குமா என்பது. அடுத்தது, சமையலறை அக்னி மூலையில் வருமா. காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மே மாத மத்தியானத்தில் இந்த ஊரைப் பிழைக்க வைப்பது கிழக்கேயிருந்து வரும் கடற்காற்றுதான். அந்தப் பக்கத்தில் பாத்ரூமை வைத்துவிட்டு, படுக்கையறைக்கு ஏசி மாட்டிக்கொண்டோம்.

வீட்டைச் சுற்றி விடவேண்டிய இடத்துக்கு நாம் செய்தது இன்னும் மோசம். அப்ரூவல் பிளானில் செட்பேக் ஒழுங்காகத்தான் இருக்கும். கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பின்பக்கம் ஷீட் போட்டு வாஷிங் மெஷின் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மாடியை ஓரடி நீட்டினார், நாமும் நீட்டினோம். மிஞ்சிய மண்ணுக்கும், சேறாகிறதென்று, டைல்ஸ் பதித்தாயிற்று.

2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, மூடி போட்டோம். அத்தோடு சரி. மேலே படியும் வண்டலை வருடாவருடம் சுரண்டி எடுத்தால்தான் குழி தண்ணீரை உறிஞ்சும். நாம் கவனிக்காமல் விட்டதில் அது களிமண் தகடாய் இறுகியது. தண்ணீர் வழிந்து வாசலில் நின்றதும் பிளம்பரைக் கூப்பிட்டு மாடிக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பினோம். (சில வீடுகளில் குழாய் தரையைத் தொட்டு அங்கேயே முடிந்துவிடும். பார்வையிட வந்தவர்களுக்காக நட்ட குழாய் அது.)

1000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் தேறும்; ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரியில் கொட்டிவிடுகிற மழைதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட விதத்தைத் திட்டினோம். திட்டவேண்டியதுதான். ஆனால் தெருவில் நின்ற வெள்ளத்தில் நம் மாடித் தண்ணீரும் கலந்திருந்தது. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கினோமே தவிர, அந்தக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது தெரு உயர்ந்துவிட்டதென்று லட்சக்கணக்கில் கொடுத்து வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறோம். குழியைக் கிளறி மணல் மாற்ற இரண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி ஆகும்.