அலமாரியில் உறங்கும் கைப்பேசி

நம் வீடுகளில் ஏதேனும் ஓர் இழுப்பறையைத் திறந்தால் பழைய கைப்பேசி ஒன்றாவது கிடைக்கும். திரையில் ஒரு கீறல், விரைவில் தீர்ந்துவிடும் பேட்டரி. அவ்வளவே அதன் குறை. அதற்காக அதை ஒதுக்கிவிட்டு, வட்டி கலந்த தவணையிலாவது புதியதை வாங்குவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். வட்டி ஹராம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சமூகத்தில் இது சிறிய செய்தியன்று.

நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டதையும், ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பழுது பார்த்துப் பயன்படுத்துவதில் இழிவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. வீண்விரயத்தின் சுமையை இந்தப் பூமியும் சுமக்கிறது.

ஒதுக்கிய கைப்பேசிக்குப் புது வேலை கொடுக்கலாம். ஓதலைக் கேட்டு மனனம் செய்ய உம்மாவின் கைப்பேசியை வாங்கும் பிள்ளை, சில நிமிடங்களில் காணொளிகளுக்குள் சென்றுவிடுகிறது. பழைய கைப்பேசியிலிருந்து சிம்மை எடுத்துவிடுங்கள். தேவையான ஸூராக்களின் ஒலிப்பதிவுகளை இறக்கிய பின் வைஃபை இணைப்பையும் நீக்குங்கள். ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கும் வசதி 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதலே உண்டு; கடவுச்சொல் இன்றி அதைவிட்டு வெளியேற முடியாதவாறு அமைக்கலாம். ஒலி போதவில்லையெனில், அகன்ற பீங்கான் கிண்ணத்தில் கைப்பேசியை நிறுத்தி வையுங்கள், ஓசை கூடும். காசு செலவின்றி ஓர் ஓதல் துணை ஆயத்தம்.

ஆயினும் கைவேலைக்கும் எல்லை உண்டு. உப்பிய பேட்டரியை அழுத்துவதோ, குத்திப் பார்ப்பதோ தீப்பிடிக்கச் செய்யும். அதை உடனே அறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்நேரமும் மின்னேற்றத்திலேயே வைத்திருப்பதும் பேட்டரியைக் கெடுக்கும். நனைந்த கைப்பேசியை அரிசிக்குள் புதைப்பது பலர் நம்பும் வைத்தியம். அரிசித் துகள்கள் உள்ளே புகுந்து கேடு செய்யக்கூடும். அணைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உலர விடுவதே நலம்.

அடுத்தது அமானிதம். பழைய கைப்பேசியில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும், பிறர் நம்பி அனுப்பிய செய்திகளும் உள்ளன. பிறருக்குக் கொடுக்குமுன் வேண்டியவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, கூகுள் கணக்கை நீக்கி, முழுவதையும் அழித்துவிட வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்தால், பெறுபவர் அதைத் திறக்க இயலாமல் திண்டாட நேரலாம். கூடுதல் வசதிக்காக அதிகாரபூர்வமற்ற வாட்ஸ்அப் செயலிகளை நிறுவும் இளைஞர்களும் இதைச் சிந்திக்கட்டும்: யாரென்றே அறியாத ஒருவரிடம் அவர்கள் ஒப்படைப்பது தம் இரகசியங்களை மட்டுமன்று, தம்மோடு பேசிய அனைவரின் இரகசியங்களையும்தான்.

ஆகவே, வரும் பெருநாளுக்குப் புதிய கைப்பேசி வேண்டும் எனப் பிள்ளைகள் கேட்கையில், முதலில் அந்த இழுப்பறையை அவர்களோடு சேர்ந்து திறப்போம். செப்பனிடும் பொறுமையையும் அவர்கள் நம்மிடமே கற்கட்டும். அல்லாஹ் நம் பொருளிலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக!