5ஜி செலவுக் கணக்கில் வன்னி எங்கே?

2019 இல் யாழ்ப்பாண மாநகரில் ஸ்மார்ட் மின்கம்பங்கள் நடப்பட்டபோது, 5ஜி கதிர்வீச்சு வரப்போகிறது என்ற அச்சத்தில் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். இன்றும் 5ஜியின் ஆபத்து என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது கதிர்வீச்சுத்தான். ஆனால் வன்னி மக்கள் முதலில் கவனிக்க வேண்டியது செலவுக் கணக்கை.

கோபுரங்களுக்கான செலவை நிலப்பரப்பு தீர்மானிக்கிறது. வருமானத்தைத் தீர்மானிப்பது பாவனையாளர்களின் எண்ணிக்கை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 92,000 பேர். அப்போது சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இருக்கவில்லை. கொழும்பு மாவட்டத்தில் இது 3,000 இற்கும் அதிகம்.

5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றை வேகமானது, ஆனால் தாழ்ந்த அலைக்கற்றைகளைப் போல நெடுந்தூரம் செல்லாது. ஆகவே கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும். அவற்றுக்கு பைபர் இணைப்பு, மின்சாரம், பற்றரி எல்லாம் வேண்டும். உபகரணங்களை டொலர் கொடுத்தே இறக்க வேண்டும். மக்கள் ரீலோட் செய்வதோ ரூபாயில். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது.

இந்த நிலையில் எந்த நிறுவனமும் முதலில் கொழும்பையே பார்க்கும். வவுனியா, கிளிநொச்சி நகரங்களுக்குப் பிறகு வாய்ப்புக் கிடைக்கலாம். துணுக்காய்க்கும் ஒட்டுசுட்டானுக்கும்? முதலீடு முழுவதும் நகரங்களின் 5ஜிக்குப் போனால், கிராமங்களில் 4ஜி கவரேஜின் ஓட்டைகள் அப்படியே கிடக்கும். கொரோனா காலத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடி அலைந்த பின்னர்தான், 2021 இல் ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற கிராமியத் தொடர்பாடல் திட்டம் இரத்தினபுரியில் தொடங்கியது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2010 இல் ஜேர்மனி 800 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விட்டபோது ஒரு நிபந்தனை விதித்தது: 5,000 இற்குக் குறைந்த சனத்தொகை கொண்ட, இணையவசதி குறைந்த ஊர்களுக்கே முதலில் சேவை வழங்க வேண்டும், பெரிய நகரங்கள் கடைசியில்.

2024 இல் டயலொக்கும் எயார்டெல்லும் இணைந்த பின்னர் இலங்கையில் எஞ்சியிருப்பவை மூன்று கைபேசி நிறுவனங்கள். போட்டி குறைந்த சந்தை தானாகக் காட்டுக்கரைக் கிராமத்தைத் தேடி வராது. அலைக்கற்றை பொதுச்சொத்து. அதைக் கொடுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, எந்தப் பிரதேச செயலர் பிரிவுக்கு எப்போது சேவை வரும் என்பதை அனுமதிப்பத்திரத்திலேயே எழுத வேண்டும். வன்னியின் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது அந்தத் திகதியைத்தான்.