பொறுத்துக்கொள்ள வேண்டியவர் யார்?

அமெரிக்கக் கடைகளிலே விற்கும் கம்பியில்லாத் தொலைபேசியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்திலோ, கூட வரும் கையேட்டிலோ பொடி எழுத்திலே ஓர் அறிவிப்பு இருக்கும். இக்கருவி பிறர்க்குக் கேடான இடையூறு செய்யக்கூடாது. தனக்கு வருகிற இடையூறு எதுவாயினும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதனால் தன் வேலையே கெட்டாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். விதித்திருப்பது அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். அதன் விதித் தொகுப்பிலே 15ஆம் பகுதி.

நாம் கேட்கிறோம்: ஏற்றுக்கொள்ளப் போவது கருவியா? கருவிக்குக் காது ஏது, எரிச்சல் ஏது? காசு கொடுத்து வாங்கியவர் அல்லவா அவதிப்படுகிறார்!

அவதி எப்படி வருகிறது? வீட்டுச் சுவரோடு ஓடும் தொலைபேசிக் கம்பி, தானே ஒரு வானலை வாங்கியாகி விடுகிறது. பக்கத்திலே வானொலிக் கோபுரம் இருந்தால் அதன் அலை கம்பி வழியே கருவிக்குள் நுழைகிறது. உள்ளேயிருக்கும் மின்னணுப் பாகங்கள் அந்த அலையிலிருந்து குரலைப் பிரித்துக் காதிலே போட்டுவிடுகின்றன. மகள் பேசுவதைக் கேட்கத் தொலைபேசியை எடுத்தவர், பற்பொடி விளம்பரம் கேட்கிறார்! அலையை வாசலிலேயே நிறுத்த ஒரு சிறு மின்தேக்கியும் கம்பிச்சுருளும் போதும். மலிவு விலைக் கருவியிலே அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முன்பு அங்கே தொலைபேசி என்பது பெல் கம்பெனியின் சொத்து. வாடகைக்கு வாங்கியவர், கோளாறு என்றால் கம்பெனியைக் கூப்பிடலாம். 1968இல் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு வந்தது; 1975இல் 68ஆம் பகுதி விதிகள் வந்தன; 1984 ஜனவரி 1 அன்று பெல் அமைப்பே பிரிந்தது. யாரும் எந்தக் கடையிலும் தொலைபேசி வாங்கலாம் என்றாயிற்று. ஏகபோகம் ஒழிந்ததிலே நமக்கு வருத்தமில்லை. ஆனால் கம்பெனியிடமிருந்த பொறுப்பு யாரிடம் போயிற்று?

அந்த 68ஆம் பகுதியைப் படித்தால் விடை கிடைக்கிறது. தொலைபேசி வலையமைப்புக்கு வரக்கூடிய தீங்கு எது என்று அது வரையறுக்கிறது. கம்பெனி ஊழியருக்கு மின் அபாயம் தீங்கு. கம்பெனிக் கருவிக்குச் சேதம் தீங்கு. கணக்குப் போடும் இயந்திரம் தவறுவது, ஆம், அதுவும் தீங்கு! பிறருடைய சேவை கெடுவதும் தீங்குதான். ஆனால் அந்தப் பிறரிலே கருவியை வைத்திருப்பவரும், அவரோடு பேசுகிறவரும் சேரமாட்டார்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 15ஆம் பகுதி வானொலியைக் காக்கிறது. 68ஆம் பகுதி கம்பெனியைக் காக்கிறது. வாங்கியவருக்கோ ஆணையம் தருவது ஆலோசனை: எல்லாத் தொலைபேசிகளையும் கழற்று, ஒவ்வொன்றாக மாட்டிப் பார், வடிகட்டி வாங்கிப் பொருத்து! அதற்கும் அவர் காசு.

ஆணையத்துக்கு அதிகாரமில்லையோ என்று எண்ண வேண்டாம். 1982இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் திருத்தி, வீட்டு மின்னணுக் கருவிகள் வானொலி இடையூறைத் தாங்கும் தரத்தை வகுக்கும் அதிகாரத்தை அதன் கையிலே கொடுத்தது. தாமே அமெச்சூர் வானொலிக்காரரான செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அதற்காகப் பாடுபட்டார். ஆணையமோ, தரத்தை உற்பத்தியாளர்களே விரும்பினால் பின்பற்றட்டும் என்று விட்டுவிட்டது. விருப்பமாம்! கடைவீதிப் போட்டியிலே பைசா பைசாவாகக் குறைப்பவர், கட்டாயமில்லாத செலவை விரும்பிச் செய்வாரா?

அண்டை வீட்டிலே ஒரு அமெச்சூர் வானொலிக்காரர் இருந்துவிட்டால் பழி அவர் தலையிலே. உரிமம் பெற்று, விதி மீறாமல் ஒலிபரப்பினாலும் வேலிக்கு அப்பாலிருந்து வசவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வழக்காடலாம் என்றால் அதுவும் அடைபட்டிருக்கிறது: வானொலி இடையூறு ஆணையத்தின் தனி அதிகாரம், மாநிலச் சட்டத்தின்கீழ் வழக்குச் செல்லாது என்று 1994இல் ஆறாம் வட்ட முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. விதி போடமாட்டாராம்; வேறொருவர் கேட்கவும் கூடாதாம்!

செலவாகும் என்பது உற்பத்தியாளர் வாதம். ஐரோப்பாவிலே 1989இல் கட்டளை பிறப்பித்து, 1996 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள்: கருவி பிறரைத் தொல்லை செய்யாதிருந்தால் மட்டும் போதாது, வருகிற தொல்லையையும் தாங்க வேண்டும். வீட்டுக் கருவிகளைப் பொதுவாக மீட்டருக்கு 3 வோல்ட் வலுவுள்ள அலைப் புலத்திலே வைத்துச் சோதிக்கிறார்கள். அதனால் அங்கே தொலைபேசி வியாபாரம் படுத்துவிட்டதா? இந்தியாவிலும் 2019 அக்டோபர் முதல் கம்பித் தொலைபேசிக்கும் கம்பியில்லாத் தொலைபேசிக்கும் கட்டாயச் சோதனை வந்தது. அலைத்தாங்கு திறனும் அதிலே அடக்கம். அதே உற்பத்தியாளர்கள் இங்கெல்லாம் சோதனைக்கு உட்பட்டு விற்கத்தான் செய்கிறார்கள்.

1982இல் தந்த அதிகாரம் அமெரிக்கத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 302ஆம் பிரிவிலே இன்றும் இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. புது மசோதா தேவையில்லை. ஆணையம் ஓர் உத்தரவு போட்டால் போதும். முதலிலே தொலைபேசிக்குப் போடட்டும்.