ஒன்றேகால் லட்சமும் ஓட்டை மைக் செட்டும்

சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நான் ஒன்றேகால் லட்சம் குடுத்து வெச்சுக்கிட்டேன். வெளிநாட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். பேரு வேணாம், எதுக்கு வம்பு. வாங்கி பதினாலாவது மாசம், மே மாச ஞாயித்துக்கிழமை மத்தியானம், செம்பரம்பாக்கத்துல வழக்கம்போல கரண்ட் போய் வந்துச்சு. அதுக்கப்புறம் சிவப்பு விளக்கு மட்டும் எரியுது. ஸ்பீக்கரைக் காப்பாத்துற ரிலே 'டிக்'குன்னு சத்தம் குடுக்கணுமே, அது வரல. வாரண்டி ஒரு வருஷம்தான். (கரெக்டா கணக்கு போட்டு சாகுதுங்க.)

டீலர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டெபிலைசர் போட்டிருந்தீங்களா சார்?" ரெண்டாவது, "ஒரிஜினல் அட்டைப்பெட்டி இருக்கா?" மும்பைக்கு அனுப்பணுமாம். மூணு வாரம் கழிச்சு மெயில்: போர்டையே மாத்தணும், 48 ஆயிரம், போர்டு வெளிநாட்டுலேர்ந்து வரணும். எந்த பார்ட் போச்சுன்னு கேட்டா பதில் இல்ல. சர்க்யூட் படம் கேட்டேன், வெளியாளுக்குத் தர மாட்டோம்னுட்டாங்க.

இந்த நேரத்துல எங்க தெரு அம்மன் கோயில்ல ஆடிக் கூழ். விடியக்காலை நாலு மணிக்கே குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பிச்சிடுச்சு. பழைய அகுஜா ஆம்ப்ளிஃபயர், பெயின்டெல்லாம் உரிஞ்சு போனது. ஒம்போது மணிக்கு அதுவும் படுத்துடுச்சு. மைக் செட் அண்ணன் பந்தல் ஓரமா உக்காந்து மூடியைக் கழட்டி, "டிரான்சிஸ்டர் போச்சு தம்பி"ன்னு புதுசா ஒண்ணு வெச்சு சால்டர் பண்ணாரு. முக்கால் மணி நேரத்துல மறுபடி அலறல். என்னுதைப் பத்திச் சொன்னேன். "படம் இருந்தா நானே பிரிச்சுப் பாத்திருப்பேனே தம்பி"ன்னாரு.

அந்தச் சத்தம் நல்லாருக்குன்னு சொல்ல வரல, காது கிழியும். ஆனா 0.005 சதவீத டிஸ்டார்ஷன்னு பெட்டி மேல அச்சடிக்கிறவன், உள்ள இருக்கற கெபாசிட்டர் ஒவ்வொரு 10 டிகிரி சூடு ஏறும்போதும் ஏறக்குறைய பாதி ஆயுசை இழக்கும்ங்கறதை அச்சடிக்கறதில்ல. நம்ம ஊர் மே மாசம் எப்படின்னு தெரியும்ல? சரி, நாமளே பார்ட் வாங்கிக்கலாம்னா, ரிச்சி தெருவுல 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி ஒரிஜினலா டூப்பான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

எல்லாரும் இப்படின்னும் சொல்ல முடியாது. கனடாவோட பிரைஸ்டன் தன் ஆம்ப்ளிஃபயருக்கு 20 வருஷம் வாரண்டி தர்றான். அமெரிக்காவுல மெக்கின்டாஷ்காரன் 1962லேர்ந்து 1991 வரைக்கும் கடை கடையா முகாம் போட்டு, எந்தக் கம்பெனி ஆம்ப்ளிஃபயர் கொண்டு வந்தாலும் இலவசமா அளந்து ரிசல்ட்டைக் கையில குடுத்தான். நம்ம நுகர்வோர் துறையும் 2022 டிசம்பர்ல பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சுது. என் கம்பெனியைத் தேடினேன், காணோம்.

அதனால மக்கா, அடுத்து வாங்கறப்போ வாட்ஸ் எவ்ளோன்னு கேக்கப் போறதில்ல. சர்வீஸ் மேனுவல் தருவியா, சென்னையில யார் பிரிப்பாங்க, இந்த ரெண்டுதான் கேள்வி.

பத்தாவது வாரம் ஓடுது. அந்த இடத்துல தங்கமணி மணி பிளான்ட் வெச்சிட்டாங்க.